சாவி யார் கையில்?

நாஞ்சில் நாட்டு வரலாற்றின் ஒரு பெரிய பங்கு பல தலைமுறைகளாக ஒரே வீட்டில் இருந்தது. அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில். நிலம் விற்றது, கடன் வாங்கியது, ஊர் கூடி முறையிட்டது, அரசரிடமிருந்து வந்த உத்தரவு என்று எல்லாமே ஓலைகளாக அந்த வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவற்றைப் படித்துப் பிரதி எடுத்தார். பிற்பாடு ஆய்வாளர் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாகக் கொண்டுவந்தார். நாஞ்சில் நாட்டின் பழைய சமூக வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற யாரும் அந்த வீட்டு வாசலைத் தொடாமல் போக முடியாது.

அந்த ஓலைகளில் மனிதர்களை விலைபேசி விற்ற ஆவணங்களும் இருக்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி முழுதாக ஒழிந்தது 1855-இல்தான். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் அந்த ஓலை ஒரு சொத்து ஆவணம். விற்கப்பட்டவரிடம் அதன் பிரதி இருந்திருக்க வழியில்லை. தன்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்கவும் முடிந்திருக்காது. அதேசமயம், அந்த வீடு இதையெல்லாம் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் நம் ஊரில் மனிதர்கள் விற்கப்பட்டார்கள் என்பதற்கு இன்று கையில் சான்று இருக்கிறது.

வீட்டில் ஒரு சர்வர் வைத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓலைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஆவணம் யார் வீட்டில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது யாரைப் பற்றியது என்பது இன்னொரு கேள்வி. செல்ஃப் ஹோஸ்டிங் பற்றிய பேச்சில் முதல் கேள்விதான் எப்போதும் சத்தமாகக் கேட்கிறது. இரண்டாவதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

*

இதில் புதியவர்களுக்குச் சுருக்கமாக: கூகுள் போட்டோஸ், டிரைவ் மாதிரியான சேவைகளில் போட்டு வைக்கிற படங்களையும் ஆவணங்களையும் நம் வீட்டிலேயே ஒரு கணினியில் வைத்து, அதை நாமே நடத்துவதுதான் செல்ஃப் ஹோஸ்டிங். பழைய லேப்டாப் போதும். ராஸ்பெரி பை மாதிரி உள்ளங்கை அளவுக் கணினியும் போதும். அதில் டெபியன் லினக்ஸ், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், படங்களுக்கு இம்மிச். எல்லாமே இலவசம், எல்லாமே திறந்த மூலம். அஞ்சுகிராமத்தில் எங்கள் வீட்டில் அப்படி ஒன்று ஓடுகிறது.

ஏன் இந்தப் பாடு? ‘கிளவுட்’ என்பது வேறொருவர் வீட்டு மாடி அறை. அங்கே நம் பெட்டியை வைக்க விடுகிறார்கள். என்றைக்கு வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம். 2014 செப்டம்பர் 30-இல் ஆர்குட் சாத்தப்பட்டது. 2019-இல் கூகுள் பிளஸ் சாத்தப்பட்டது. இவையாவது எல்லாருக்கும் சேர்த்துச் சாத்திய கதவுகள். ஒருவருக்கு மட்டும் சாத்தினால்?

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பனுக்கு அது நடந்தது. 2021 பிப்ரவரியில் அவருடைய சிறு மகனுக்குப் பிறப்புறுப்பில் வீக்கம். கொரோனா காலம், டாக்டரை நேரில் பார்க்க முடியாது. படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். எடுத்தார். போனிலிருந்த படம் தானாகவே கூகுள் கிளவுடுக்கு ஏறியது. அங்கிருந்த தானியங்கி அதைக் குழந்தை ஆபாசப் படமாகக் குறித்தது. இரண்டு நாளில் கணக்கு முடக்கப்பட்டது. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், மகனுடைய முதல் வருடப் படங்கள், போன் நம்பர்கூடப் போயிற்று. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது.

இந்தச் செய்தியைப் படித்த எவருக்கும் ‘நம்ம பொருள நம்மளே வச்சுக்கிடணும்’ என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றியது. அந்த நினைப்பில் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். சுதந்திரமாக நடத்தலாம் என்று கொண்டுவந்த பெட்டி வேறு சில கடமைகளையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது.

*

முதல் கடமை, பூட்டு. இது நம் பொருளைக் காப்பதற்கு மட்டும் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள்.

ஒரு கணினியின் எஸ்எஸ்எச் கதவை இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்துவிட்டு அதன் பதிவேட்டைப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே உலகத்தின் எங்கெங்கோ இருந்து தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ரூட், அட்மின், டெஸ்ட், 123456. தட்டுவது மனிதர்கள் அல்ல, நிரல்கள். அவற்றுக்கு நீங்கள் யார், அஞ்சுகிராமம் எங்கே இருக்கிறது என்றெல்லாம் அக்கறை கிடையாது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிற கள்ளன் மாதிரி.

இதற்கான ஏற்பாடுகள் தெரிந்தவைதான். கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்திவிட்டுச் சாவிக்கோப்பால் மட்டும் நுழைவது. ரூட் கணக்கில் நேரடியாக வர விடாமல் தடுப்பது. ஃபயர்வால் போட்டுத் தேவையில்லாத போர்ட்டுகளை மூடுவது. பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறும்படி வைப்பது. இன்னும் நல்லது, எந்தக் கதவையும் வெளியே திறக்காமல் வயர்கார்ட் மாதிரி ஒரு வி.பி.என். வழியாக மட்டும் வீட்டுக்குள் வருவது. நம்மூர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து நேராக வந்து தட்ட முடியாது. சர்வர் வைக்கிறவர்கள் இதைத் திட்டுவார்கள். எனக்கு அது ஒரு பாக்கியமாகத்தான் படுகிறது. டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டால் நாம் உள்ளே வரலாம், மற்றவர் வர முடியாது.

பூட்டாதவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், நஷ்டம் பல நேரம் அடுத்தவருக்கு. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல் வீடுகளில் இருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. கம்பெனியில் போட்டு அனுப்பிய கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. அறுபத்துச் சொச்சம் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த அக்டோபர் 21-இல் அந்தக் கருவிகளின் கூட்டம் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பல இடங்களில் மணிக்கணக்கில் திணறின. தாக்கிய கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் வீட்டில் எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, லாஸ்ட்பாஸ். லட்சக்கணக்கானோரின் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கிற நிறுவனம். 2022-இல் அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். வீட்டில் படம் பார்க்க வைத்திருந்த பிளெக்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை பிளெக்ஸ் 2020 மே மாதமே வெளியிட்டிருந்தது. வீட்டில் ஏற்றவில்லை. அந்த வழியாகப் போய் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள்.

நாஞ்சில் நாட்டில் குளத்துக் கரையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். என் வயல் பக்கத்துக் கரையை நான் கவனிக்காமல் விட்டால் உடைப்பெடுக்கிற வெள்ளம் என் வயலோடு நிற்காது. கரை யார் பக்கம் இருக்கிறதோ அவர் அதைத் தனக்காக மட்டும் காக்கவில்லை.

பூட்டைப் பற்றி இன்னொரு பாடம் எங்கள் ஊருக்கு வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருக்கிறது. திருவிதாங்கூர்க்காரர்கள் அங்கே மதிலும் வாசலும் பீரங்கியுமாகப் பலமான அரண் வைத்திருந்தார்கள். 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயை எதிர்த்து வந்த ஆங்கிலப் படை அந்த வாசலை நேராக முட்டவில்லை. ஒரு பிரிவு இரவோடு இரவாகத் தெற்குப் பக்கத்து மலைப்பாறைகளில் ஏறிப் பக்கவாட்டில் வந்து இறங்கியது. ‘அந்தப் பக்கமா எவன் ஏறி வரப்போறான்’ என்று விட்டிருந்த பக்கம். எந்தப் பாதுகாப்பும் அப்படித்தான் உடைகிறது. வாசலில் பத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, படம் பார்க்கிற மென்பொருளை மூன்று வருடம் அப்டேட் செய்யாமல் விடுவோம்.

*

இதுவரைக்கும் சொன்னது வெளியிலிருந்து வருகிற ஆளைப் பற்றி. எனக்குச் சிக்கலாகப் படுவது உள்ளே இருக்கிற ஆள். அதாவது நான்.

வீட்டில் சர்வர் வைத்தவுடன் அம்மாவின் போனும் அக்காவின் போனும் படங்களை அதற்குள் ஏற்றும்படி செய்வது என்று பேச்சு வந்தது. அம்மா உடனே சரி என்றாள். அக்கா கேட்டாள்: “எல்லாம் ஒரே எடத்துல போய் விழும்ணா, அதுல எனக்க போட்டோவ ஒனக்குப் பாக்க முடியுமா?”

முடியும். அதுதான் உண்மை. அவளுக்குத் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தாலும் படக்கோப்புகள் என் வட்டில்தான் கிடக்கும். ரூட் உரிமை என்னிடம். ஒரு கட்டளை போதும், அவளுக்குத் தெரியாமலே திறந்து பார்க்கலாம். பார்த்ததற்கான தடத்தையும் நானே அழித்துவிடலாம்.

கூகுளுக்கும் இந்த வல்லமை உண்டு, அதைவிடப் பெரிதாகவே உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். கலிபோர்னியாவில் இருக்கிற நிறுவனத்துக்கு என் அக்கா ஒரு எண். அவள் யாரோடு சிரித்துக்கொண்டு நின்றாள், எந்த ஊருக்குப் போனாள், எந்த மருந்துச்சீட்டைப் படம் எடுத்தாள் என்பதையெல்லாம் வைத்து அவளுக்கு விளம்பரம் காட்டும். வீட்டுக்கு வந்து கேள்வி கேட்காது. கூடப் பிறந்தவர் கேட்பார். நம் குடும்பங்களில் ஒரு பெண்ணின் போனைப் பிடுங்கிப் பார்ப்பது கம்பெனிக்காரன் அல்ல. அண்ணன், தம்பி, புருஷன், மாமியார். தூரத்தில் இருக்கிற கண்ணுக்கு அவளைத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற கண்ணுக்கு அவளைத் தெரியும், அதனால்தான் அது அதிகம் சுடுகிறது.

ஆக, கம்பெனியின் கண்ணிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர், குடும்பத்தின் எல்லா ரகசியங்களையும் குடும்பத்திலேயே ஒருவர் கையில் கொண்டுவந்து சேர்க்கிறார். பெரும்பாலும் அது வீட்டில் கணினி தெரிந்த ஆண். ஏற்கெனவே வீட்டில் குரல் ஓங்கியிருக்கிறவர் கையிலேயே சாவியும் போய்ச் சேருகிறது.

சட்டம் இங்கே உதவிக்கு வராது. 2017-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்தவர் தரவைக் கையாளுகிற நிறுவனத்தை அந்தச் சட்டம் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற பொருளில் அழைக்கிறது, கடமைகளை விதிக்கிறது. ஆனால் ஒரு தனிநபர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகத் தரவை வைத்திருந்தால் அவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. நியாயம்தான், வீட்டு ஆல்பத்துக்கெல்லாம் அதிகாரி வந்து நிற்க முடியாது. ஆனால் சட்டம் வாசற்படியில் நின்றுவிடுவதால், உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதை நாமேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் ஒரு கதை வருகிறது. ஒரு மேய்ப்பனுக்கு மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். கொஞ்ச நாளில் அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடித்துவிடுகிறான். கிளாக்கன் கேட்கிறான்: இப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் எந்த நல்லவன் நல்லவனாகவே இருப்பான்? ரூட் கடவுச்சொல் அப்படி ஒரு மோதிரம்தான். “நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல” என்று சொல்லலாம். இருக்கலாம், இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். ஒரு சண்டை, ஒரு சந்தேகம், சொத்துத் தகராறு வருகிற நாளில் எப்படிப்பட்ட ஆள் என்று யாருக்குத் தெரியும்? என் குணத்தை நம்பி அக்கா தன் படங்களை வைக்க வேண்டியிருந்தால் அவளுக்கு நான் கொடுத்திருப்பது பாதுகாப்பு அல்ல, என் தயவு.

மோதிரத்தை நல்லபடியாக அணிவது எப்படி என்று யோசிப்பதைவிட அதைக் கழற்றி வைக்க வழி உண்டா என்று பார்ப்பது மேல். உண்டு. படம் அவள் போனிலிருந்து புறப்படும்போதே பூட்டிக்கொண்டு வரும், என் வட்டில் கிடப்பது வெறும் குழப்ப எழுத்து, திறக்கும் சாவி அவளிடம் மட்டும். ‘எண்டே’ என்று ஒரு படச்சேவை இப்படி வேலை செய்கிறது. மலையாளத்தில் ‘என்னுடைய’ என்று அர்த்தம். குமரி மாவட்டத்தில் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமில்லாத சொல். அதன் சர்வர் நிரலையும் 2024-இல் திறந்துவிட்டார்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது பெட்டி என்னுடையது, உள்ளே இருப்பது அவளுடையது.

இதோடு முடிந்தது என்றால் கட்டுரையையும் முடித்துவிடலாம். அம்மா இருக்கிறாளே.

*

அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். “சாவிய மறந்துட்டா?”

மறந்தால் போனது போனதுதான். மீட்புக்கு என்று 24 சொற்கள் தருவார்கள், அதையும் தொலைத்துவிட்டால் யாராலும் திறக்க முடியாது. பார்க்க முடியாதவரால் காப்பாற்றவும் முடியாது. இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு பக்கம். அம்மா யோசிக்கவே இல்லை. “நீ பாத்தா என்ன மக்ளே. தொலையாம இருந்தாப் போதும். எனக்கு இந்த 24 எல்லாம் ஞாபகம் நிக்காது.”

ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு பயங்கள். அக்காவுக்கு யாரும் பார்த்துவிடக் கூடாது. அம்மாவுக்கு எதுவும் தொலைந்துவிடக் கூடாது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தரங்கம் உயர்ந்த மதிப்பு என்று அம்மாவுக்குப் பாடம் எடுப்பதும், குடும்பத்துக்குள்ள என்ன ரகசியம் என்று அக்காவிடம் கேட்பதும் ஒரே அகம்பாவத்தின் இரண்டு வடிவங்கள். இப்போது இரண்டு ஏற்பாடும் தனித்தனியாக ஓடுகின்றன. அம்மாவின் படங்கள் சாதாரண அலமாரியில், என் பொறுப்பில். அக்காவின் படங்கள் பூட்டிய அலமாரியில். அந்த 24 சொற்களை அவள் ஒரு தாளில் எழுதி எங்கேயோ வைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியாது.

சின்னச் சின்னதாக இன்னும் வருகிறது. பேக்கப் விஷயத்தில் எல்லாரும் சொல்கிற விதி 3-2-1. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வடக்கே முப்பந்தல் காற்றாலைகள், கிழக்கே கூடங்குளம், நடுவில் இருக்கிற வீட்டில் கரண்ட் இல்லை. கடலோரத்தில் வைத்த ஒற்றைப் பிரதி பிரதியே அல்ல என்பது இங்கே யாருக்கும் புரியும். யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே இரவில் போன கதையும் நமக்குத் தெரியும். அதனால் பிரதி எடுக்கிறோம், எடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

அம்மாவோ நானோ சாதாரண அலமாரியிலிருந்து ஒரு படத்தை அழித்தால் என்ன ஆகிறது? போனில் அழியும். சர்வரில் அழியும். மதுரையில் இருக்கிற பேக்கப் வட்டில் போன மாதத்துப் பிரதியில் அது அப்படியே இருக்கும். மறக்காமல் இருப்பதுதான் பேக்கப்பின் குணம். ஆனால் அழிக்க நினைத்தவருக்கு அந்தக் குணமே துரோகம். எனவே பழைய பிரதிகளுக்கும் ஒரு கெடு வேண்டும், இத்தனை நாளுக்குப் பின் அழிந்தது எல்லா இடத்திலும் அழிந்ததாக இருக்க வேண்டும், அந்தக் கெடு என்ன என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கவும் வேண்டும்.

கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதவர்களும் அந்த வட்டில் இருக்கிறார்கள். இறந்துபோனவர்கள். இன்னும் பேச்சு வராத குழந்தைகள். கல்யாணப் படத்தின் ஓரத்தில் எச்சில் இலை எடுத்துக்கொண்டு போகிற பெயர் தெரியாத அம்மாள். அவர்களுக்கு அலமாரி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஓலையில் விலை எழுதப்பட்டவர்களின் துயரத்தோடு இதை நான் ஒப்பிடவில்லை, அது வேறு கொடுமை. ஆனால் ஒருவரைப் பற்றிய பதிவு அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்ற அமைப்பு மட்டும் மாறவில்லை.

*

உடைமைக்கும் காவலுக்கும் நடுவில் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, தர்மகர்த்தா. கோயில் சொத்து அவர் கையில் இருக்கும், அவருடையதாக இருக்காது. பல கோயில்களில் நகைப்பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளை இரண்டு பேரிடம் கொடுத்து வைப்பார்கள். இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். அவர்களில் யாரோ கள்ளன் என்று சந்தேகப்பட்டு அப்படி வைக்கவில்லை. சந்தேகம் வரவே இடம் இருக்கக் கூடாது என்று வைத்தார்கள்.

காவல்காரர் இறந்துவிட்டால் என்ன என்பதையும் அந்த ஏற்பாடு யோசித்திருக்கிறது. கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்திருந்த சுவடிகளைத் தேடி உ.வே.சா. போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொன்னார்கள். அழித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பாழான ஏடுகளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டு சர்வர் நடத்துகிற பலருடைய வீட்டிலும் நிலைமை இதுதான். அவர்கள் போய்விட்டால் மூலையில் கிடக்கிற கறுப்புப் பெட்டி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஆக்கர்க்காரனிடம் எடைக்குப் போகும். ஒரு பக்கத் தாளில் சாதாரணத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்: இதில் என்ன இருக்கிறது, யாருடையது எது, எப்படி வெளியே எடுப்பது, எதைத் திறக்காமலே அழித்துவிட வேண்டும். அதையும் எழுதாமல் ஃபயர்வால் பற்றி மட்டும் யோசிக்கிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இதற்கெல்லாம் நேரமும் பொறுமையும் இல்லாதவர்கள் கூகுளிலேயே இருந்துகொள்ளட்டும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அப்டேட் செய்யாத வீட்டு சர்வரைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் வைப்பதென்று முடிவு செய்தவர் முதல் கட்டளையைத் தட்டுவதற்கு முன்னால் வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை நான் பார்க்கலாமா, கூடாதா? கேட்டுவிட்டு, வருகிற பதில் தனக்குப் பிடிக்காவிட்டாலும் அதற்கேற்ற பூட்டைத்தான் போட வேண்டும்.